உச்சிக்குழி சொல்லும் சேதி

மழைக்காலம் பிறந்ததும் குழந்தை மருத்துவர்களின் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். அந்தக் கூட்டத்தில் எப்போதும் ஒரு பாட்டி இருப்பார். "ரெண்டு நாளா பச்சை பச்சையா போகுது டாக்டர். கண்ணு உள்ள போயிடுச்சு. உச்சிக்குழி விழுந்து கிடக்கு. எச்சில் தோஷமா இருக்கும்னு மந்திரிச்சுப் பார்த்தோம், நிக்கலை" என்பார்.

அந்தப் பாட்டி பார்த்தது ஒவ்வொன்றும் சரி. உள்ளே போன கண், அமிழ்ந்த உச்சிக்குழி, உலர்ந்த நாக்கு, கண்ணீர் வராத அழுகை: நீர்ச்சத்து வற்றிய குழந்தையைக் கண்டுபிடிக்க மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தரும் அடையாளங்கள் இவையே. எந்தக் கல்லூரிக்கும் போகாமல் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளை மடியில் போட்டுப் பார்த்துப் பார்த்து நம் வீட்டுப் பெண்கள் சேர்த்துவைத்த அறிவு அது. அதற்கு அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் பிசகு. தோஷம் என்று முடிவு கட்டியதும் தொக்கம் எடுப்பவர் வீட்டுக்குக் கால் போகிறது. ஒரு பகல், ஓர் இரவு கழிந்துவிடுகிறது. கைக்குழந்தைக்கு அந்த ஓர் இரவு பெரிய காலம். அதன் உடம்பில் இருக்கும் நீரே கொஞ்சம். அதில் ஒரு பங்கு போய்விட்டால் ரத்த ஓட்டம் தளர்ந்து, சிறுநீர் நின்று, குழந்தை துவண்டுவிடும்.

தமிழ்நாட்டில் குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்போர் நாடு முழுவதும் 28, இங்கே 13. கிராம சுகாதார செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் வீடு வீடாக நடந்து சாதித்தது இது. மிச்சமிருக்கும் நோய்களில் பெரும்பகுதியைத் தடுக்கப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை, வீட்டிலேயே முடியும். குழந்தையைக் கவனிக்கும் கண் நம்மிடம் இருக்கிறது. கண்டதும் கை எதை எடுக்கிறது என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்

பேதி என்றால் கை எடுக்க வேண்டியது உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை. 1971-ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்கே பொறுப்பில் இருந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனோபிஸ், 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு ஆகியவற்றை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, பெரிய பீப்பாய்களில் ஊற்றிவைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். முகாமில் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, கரைசல் கொடுக்கப்பட்டவர்களிடம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. அம்மாவும் அண்ணனும் பாட்டியும் செவிலியர்களான இடம் அது. அவர் 2022-ல் மறைந்தார்; மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

உப்போடு எதற்குச் சர்க்கரை? வெறும் நீரை, பேதியாகும் குடல் சரியாக உறிஞ்சாது. ஆனால் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக வந்தால் குடலின் சுவர் இரண்டையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. கடுமையான பேதியிலும் இந்த வழி அடைபடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் பாக்கெட்டாகக் கிடைக்கும் இந்தக் கலவைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். எல்லாம் சேர்த்து 20.5 கிராம். இந்த அளவு பிசகினால் பலன் போய்விடும். பாதி பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு ஏறி ஆபத்து. லிட்டருக்கான பாக்கெட்டும் உண்டு, 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. அட்டையில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். காய்ச்சி ஆறவைத்த நீரில் கலந்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மீதியைக் கொட்டிவிடலாம். பாக்கெட் கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. இது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். இரவு இரண்டு மணிக்கு ஸ்பூனோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடமிருந்து அப்பா அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். என்று கேட்டால் மருந்துக்கடைகளில் ஆரஞ்சு, ஆப்பிள் வாசனையோடு அட்டைப் பெட்டி பானங்களை எடுத்துத் தந்த காலம் ஒன்று இருந்தது. பெயர் ஓ.ஆர்.எஸ்.; உள்ளே அளவுக்கு மீறிய சர்க்கரை. அந்தச் சர்க்கரை குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத எந்தப் பானமும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. எத்தனையோ அம்மாக்கள் நல்லது என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கிப் புகட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சரியான பாக்கெட் இலவசம்.

கரைசலோடு துத்தநாக மாத்திரையும் தருவார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதென்றால் 10, 14 நாள். பேதி நின்ற மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்துகிற வீடுகள்தான் அதிகம். அடுத்த சில மாதங்களுக்குப் பேதி திரும்பாமல் காப்பது அந்த மிச்ச நாட்கள் என்பது தெரிந்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி போடுவது அதைவிடப் பெரிய தவறு. தாய்ப்பால் நிற்கக் கூடாது. சோறு ஆரம்பித்த குழந்தை என்றால் இட்லி, குழைந்த தயிர்சாதம், வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மலத்தில் ரத்தம் கலந்தாலோ, குழந்தை குடிக்க மறுத்துத் துவண்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ வீட்டு வைத்தியத்தை அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

சின்னக் குழந்தைகளைக் கடுமையான பேதிக்கு ஆளாக்கும் கிருமிகளில் முதன்மையானது ரோட்டா வைரஸ். அதற்கான இந்தியத் தடுப்பு மருந்தின் மூல வைரஸ், டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்டது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறக்குறைய 6,800 குழந்தைகளிடம் சோதித்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ககன்தீப் காங் குழுவினர் குடிசைப் பகுதிகளில் ஆண்டுக்கணக்காக நடந்து செய்த வேலை அதில் இருக்கிறது. வேலூர்த் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளோடு பங்கெடுத்ததால் வந்த மருந்து, இன்று நாடு முழுவதும் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. வாயில் விடும் மருந்துதான், ஊசிகூட இல்லை.

குழந்தையின் மலத்தில் என்ன இருக்கிறது, பால் குடிக்கிற பிள்ளைதானே என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பெரியவர்களுடையதில் இருக்கும் கிருமிகள் அதிலும் இருக்கும். கால் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். கேன் தண்ணீரையும் குழந்தைக்குக் காய்ச்சியே கொடுங்கள். பால் பாட்டிலை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள்; நிப்பிளின் இடுக்கில் தங்கும் பால் கிருமிக்கு விருந்து. நம் பாட்டிமார் வைத்திருந்த சங்கும் பாலாடையும் வழவழவென்று கழுவக்கூடியவை. அந்தப் பாலாடையைத்தான் இன்றைக்குப் பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்டப் பயன்படுத்துகிறார்கள்.

சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணுங்கள்

ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தைக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. பால்வாடியில் சேர்த்த முதல் வருடம் இன்னும் கூடும். வைரஸால் வரும் இந்தச் சளிக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. மூக்கு ஒழுகும், இருமும், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். அந்தப் பத்து நாளைப் பொறுக்க முடியாமல்தான் இருமல் மருந்து வாங்குகிறோம்.

2025 இலையுதிர்க் காலத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரண இருமலுக்கு மருந்து குடித்த குழந்தைகளின் சிறுநீரகம் ஒவ்வொன்றாகச் செயலிழந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழ். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை நச்சு இருந்தது. இருக்கக்கூடிய உச்ச வரம்பு 0.1 சதவீதம். 2022-ல் காம்பியா நாட்டில் 70 குழந்தைகள் வரை இறந்தபோதும் இந்திய மருந்தில் இதே நஞ்சு. உண்மையில் இது புதிய கதையும் இல்லை; 1972-ல் சென்னையிலேயே குழந்தைகள் இந்த நஞ்சுக்குப் பலியாகியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மருந்தைக் கரைக்கும் திரவத்தைச் சோதிக்காமல் ஒரு மருந்து கடைக்கு வர முடிந்தது என்பதை எந்தப் பெற்றோரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. தயாரித்தவர் மட்டுமன்றி, சோதிக்க வேண்டியவர்களும் பதில் சொல்ல வேண்டிய சாவுகள் இவை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறை மறுபடி வலியுறுத்தியது: இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை. நஞ்சு கலக்காத மருந்தும் சின்னக் குழந்தையின் இருமலை விரைவாகக் குணமாக்குவதில்லை என்பதுதான் காரணம். உப்புநீர்ச் சொட்டு மூக்கடைப்பைத் திறக்கும். வெதுவெதுப்பான நீரும் தாய்ப்பாலும் தொண்டையை நனைக்கும். ஒரு வயது கடந்த குழந்தைக்குப் படுக்கும்முன் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுவைப்பதும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் விதை, கைக்குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

சாதாரணச் சளி எது, நிமோனியா எது என்று பிரிக்க ஸ்டெதஸ்கோப் வேண்டாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60-ம் அதற்கு மேலும், இரண்டு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் 50-ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் இன்னும் அவசரம். உலகம் முழுவதும் கிராம ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுப்பது இந்த எண்ணிக்கையைத்தான். ஒவ்வொரு அப்பாவும் கற்றுக்கொள்ளலாம்.

நுரையீரலைப் பற்றிப் பேசும்போது நம் குளியலறைப் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காலில் போட்டு, இதமான சுடுநீர் ஊற்றி, கை கால் நீவிவிடும் அந்தக் குளியல் குழந்தைக்கு எவ்வளவு சுகம்! அது தொடரட்டும். ஆனால் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும், வாய்க்குள் விரலை விட்டுச் சளி எடுப்பதும் நிற்க வேண்டும். மூச்சுக்குழாய் வழியே இறங்கும் எண்ணெய் நுரையீரலில் தங்கி, ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஒருவகை நிமோனியாவை உண்டாக்குகிறது. தலை துவட்டியபின் சாம்பிராணிப் புகைக்கு மேல் குழந்தையைக் காட்டுவதும் அப்படித்தான். புகை, புகைதான். அப்பாவின் சிகரெட்டும், ராத்திரி முழுக்க எரியும் கொசுவத்தியும் அதே கணக்கில் சேரும். கொசுவுக்கு வலை இருக்கிறது.

பருப்புத் தண்ணீர் போதாது

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். பாலிலேயே போதுமான நீர் இருக்கிறது. பிறந்ததும் நாக்கில் சேனை தொட்டுவைக்க வேண்டாம், கழுதைப்பால் வேண்டாம், உரைகல்லில் தேய்த்த மருந்தும் வேண்டாம். கல்லிலிருந்தும் கையிலிருந்தும் கிருமி போகும்.

ஆறு மாதம் முடிந்த பிறகு சிக்கல் வேறு பக்கம் திரும்புகிறது. பருப்பை வேகவைத்து, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் பருப்பை நாம் சாப்பிடுகிறோம். சத்து பருப்பில் இருக்கிறது. ஸ்பூனிலிருந்து வழியாத பதத்தில் சோறும் பருப்பும் நெய்யும் குழைத்து, கீரை மசித்து, முட்டை வேகவைத்து, அசைவ வீடென்றால் மீனும் ஈரலும் சேர்த்துக் கொடுக்கலாம். அங்கன்வாடிச் சத்துமாவைக் கோழிக்குப் போடுகிற வீடுகளும் உண்டு. அதைக் கூழாகவோ கொழுக்கட்டையாகவோ செய்தால் பிள்ளைகள் விரும்பித் தின்கின்றன.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் 50.7. பிரசவம் ஏறக்குறைய அனைத்தும் ஆஸ்பத்திரியில் நடக்கும் மாநிலத்தில், பிள்ளை இறப்பை இவ்வளவு குறைத்த மாநிலத்தில், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் வெளிறிப்போய் இருக்கின்றன. சோகை உள்ள குழந்தைக்குத் தொற்று சுலபமாக வருகிறது, பசி எடுப்பதில்லை, படிப்பில் கவனம் நிற்பதில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளெல்லாம் பால் மட்டுமே புகட்டுவதும் இதற்கு ஒரு காரணம். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றை நிரப்பிச் சோற்றைத் தள்ளிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தேவையில்லை. டீயில் பிஸ்கட் நனைத்துத் தருவதை நிறுத்தினாலே, சாப்பிடும் கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் ஒட்டும். சுகாதார செவிலியர் தரும் இரும்புச்சத்து சிரப், வாரம் இரண்டு முறை ஒரு மில்லி. ஒரு வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரை; இரண்டு வயதுக்குள் பாதி மாத்திரை. ஒன்பதாவது மாதத்திலிருந்து வைட்டமின் ஏ. எல்லாமே செலவில்லாதவை.

புதன்கிழமை

தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி என்ற பெயர்கள் இன்றைய இளம் பெற்றோருக்குத் தெரியாமல் போனதே அந்தப் புதன்கிழமைகளின் வெற்றி. இந்தியாவில் இளம்பிள்ளைவாதத்தின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச்சில் அந்த நோய் இந்தியாவைவிட்டுப் போனதாக அறிவித்தார்கள்.

இந்த வெற்றி தானாக நிற்காது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பெற்றோர்கள் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளைத் திருப்பி அழைத்துப்போனார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியிருந்தது. தட்டம்மை அம்மன் பார்வை, வேப்பிலை போதும் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அம்மனை வணங்குவதில் தடையில்லை. ஆனால் தட்டம்மை போகும்போது குழந்தையின் பழைய எதிர்ப்பாற்றலில் ஒரு பகுதியையும் அழித்துவிட்டுப் போகிறது. அடுத்து வரும் நிமோனியாவும் பேதியுமே பல குழந்தைகளைக் கொன்றிருக்கின்றன. ஊரில் நூற்றுக்கு 95 பேர் இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அந்த நோய் பரவ வழியில்லாமல் போகும். ஒன்பதாவது மாத ஊசியைப் போட்டுவிட்டு, 16-லிருந்து 24 மாதத்துக்குள் வரும் இரண்டாவதை மறந்துவிடும் வீடுகளே அதிகம்.

லேசான சளி இருந்தாலும் ஊசி போடலாம். போட்டபின் ஒருநாள் காய்ச்சல் வருவது ஊசி வேலை செய்வதன் அடையாளம். ஊர் மாறியதில் தவணை விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலை தேடி வந்திருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களுக்கு இதை யாராவது அவர்கள் மொழியில் சொன்னால் பெரிய புண்ணியம். அவர்கள் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடுதான் விளையாடுகிறார்கள்.

காய்ச்சல் வந்த இரவு

காய்ச்சலால் வலிப்பு வந்தால் பார்ப்பவர் உயிர் பதறும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்கு இது வரும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் நின்றுவிடும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவி வேண்டாம், வாயில் ஸ்பூன் வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்குவை மனதில் வையுங்கள். அதைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும், வீட்டுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரிலேயே முட்டையிடும். டிரம்மையும் தொட்டியையும் வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்; முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்குவில் காய்ச்சல் விட்டதும் நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, சில்லிட்ட கை கால், அதிகத் தூக்கம் இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும் பாரசிட்டமால். ஒரு வேளைக்கு குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். சிக்கல் புட்டியில் இருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125. இன்னொரு சிரப்பில் ஐந்து மில்லிக்கு 250. பெயரும் படமும் ஒன்றுபோலவே இருக்கும். பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்றால், சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் ஆறு மில்லி, 250 சிரப்பில் மூன்று மில்லி. 125 சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும், கல்லீரல் தாங்காது. அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் புட்டியையே எடுத்துப்போய், தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் குழந்தையின் எடையையும் இந்தப் புட்டியில் எத்தனை மில்லி என்பதையும் எழுதி வாங்குங்கள். எடை கூடும்போது பழையதை அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். புட்டி மாறினாலும் எழுத வேண்டும். அட்டை எங்கே இருக்கிறது என்பது பாட்டிக்கும் அப்பாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.